கூடம் கோணல்தானோ?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. பேனா எழுதவில்லை, காம்பஸ் முனை மழுங்கிவிட்டது என்று வகுப்பிலே சாக்குச் சொல்லும் பிள்ளைகளின் வாயை அடைப்பதற்கு இதைவிடச் சிறந்த ஆயுதம் உபாத்தியாயர்களுக்கு அகப்படாது. ஆயினும், அந்தப் பெண்ணின் விஷயத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. கூடம் உண்மையிலேயே கோணல்தானா என்று எவரேனும் நூல் பிடித்துப் பார்த்தார்களா? அவள் வேறொரு கூடத்தில், கால் பழகிய தரையில், கண்ணை மூடிக்கொண்டு ஆடக் கூடியவளாக இருந்திருக்கலாம். யாரோ பெரிய மனிதர் வீட்டுப் புதுக் கூடத்தில், வழவழவென்று இழைத்த தரையில், திடீரென்று கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். பழமொழி அதையெல்லாம் விசாரிப்பதில்லை. தீர்ப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

இந்தச் சந்தேகத்தை எனக்கு உண்டாக்கியது நாட்டியமன்று, மேஜைப் பந்தாட்டம்.

நான் மறைமலைநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறவன். கல்லூரி நாட்களில் கொஞ்சம் மேஜைப் பந்து ஆடிய குற்றத்துக்காக, பள்ளியில் உள்ள ஒரே மேஜைக்கும், மாலை வேளைகளில் அதைச் சுற்றிக் கூடும் பதினைந்து பிள்ளைகளுக்கும் பொறுப்பாளியாக்கப்பட்டிருக்கிறேன். தனித்தமிழுக்காக வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் மறைமலை அடிகள். அவருடைய திருநாமம் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் என்றும், ஸ்பாஞ்சு என்றும், ஸர்வீஸ் என்றும் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் இவற்றுக்கு வேறு சொற்களைச் சொன்னால், அவர்கள் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மேஜைப் பந்து மட்டை பார்வைக்கு மிகவும் சாதுவான வஸ்து. ஒரு மரப்பலகை, அதன் இரு புறமும் ரப்பர், ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவே ஸ்பாஞ்சு. பலகையின் கனத்தில் நூற்றுக்கு 85 பங்கு இயற்கை மரமாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பதும் சட்டம். அந்த 4 மில்லிமீட்டருக்குள்தான் ஆட்டக்காரனுடைய வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

ஸ்பாஞ்சு தடித்திருந்தால் பந்து அதில் அமுங்கி, கவணிலிருந்து புறப்படும் கல்லைப் போல் வேகமாகத் திரும்பும். மேலே உள்ள ரப்பர் பிடிப்புள்ளதாயிருந்தால் பந்தைக் கவ்விச் சுழலவிட்டு அனுப்பும். சுழலுகின்ற பந்து காற்றிலே வளைந்து வந்து மேஜையின் விளிம்புக்குள் விழும். இவ்வளவும் நன்மைதான். ஆனால், பௌதிகம் வரம் கொடுத்தால் கூடவே ஒரு நிபந்தனையும் போடும். பிடிப்புள்ள ரப்பர் நம்முடைய சுழற்சிக்கு மட்டும் உதவுவதில்லை. எதிராளி அனுப்பிய சுழற்சியையும் அதே ஆர்வத்துடன் கவ்விக்கொள்ளும். அவன் பந்தைப் பின்பக்கமாகச் சுழற்றி ஸர்வீஸ் போட்டிருந்தால், நம் மட்டையில் பட்டதும் அது குனிந்து வலையில் போய் விழும். பக்கவாட்டில் சுழற்றியிருந்தால் மேஜையை விட்டே ஓடும். தேய்ந்து வழுக்கிப்போன பழைய ரப்பரிலோ அந்தச் சுழற்சி பாதி செத்துப் போகும். ஆகவே, மலிவான மட்டையால் நிம்மதியாக ஸர்வீஸைத் திருப்பிக்கொண்டிருந்தவன், விலையுயர்ந்த மட்டை கைக்கு வந்த அன்றே ஒன்றும் தெரியாதவனாகிவிடுகிறான். அவன் கை கெட்டுப் போகவில்லை. அந்தக் கை கற்றிருந்த பாடம் வேறு மட்டைக்கு உரியது, அவ்வளவுதான்.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அது நம் தேசத்திலேயே நடந்தது. 1952 பிப்ரவரியில் உலக மேஜைப் பந்துப் போட்டி பம்பாயில் நடைபெற்றது. ஆசியாக் கண்டத்தில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. அக்காலத்து மகா வீரர்கள், சிறு சிறு புடைப்புகள் நிறைந்த ரப்பரை மரத்தின்மேல் நேராக ஒட்டிய மட்டையால் ஆடினார்கள். நடுவே ஸ்பாஞ்சு கிடையாது. பந்து பட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழும். எதிராளி ஓங்கி அடித்தானா, தடவி விட்டானா என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும்.

அந்தப் போட்டிக்கு ஜப்பானிலிருந்து ஹிரோஜி ஸாட்டோ என்பவர் வந்தார். மூக்குக் கண்ணாடி அணிந்த மெலிந்த மனிதர். அவருடைய மட்டையில் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. அதில் பட்ட பந்து சத்தமில்லாமல் திரும்பியது. வேகமாக வருமென்று நினைத்தால் மெதுவாக வந்தது. மெதுவாக வருமென்று நின்றால் மார்பில் வந்து மோதியது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் திகைத்தார்கள். இறுதிப் பந்தயத்தில் ஹங்கேரி தேசத்து யோஸெப் கோட்ஸியனைத் தோற்கடித்து ஸாட்டோ உலக சாம்பியன் ஆனார். அதன்பின் அந்தப் பட்டம் அவருக்கு மறுபடி கிட்டவில்லை. ஆனாலும் மேஜைப் பந்தின் போக்கு பம்பாயில் மாறியது மாறியதுதான். 1959-ம் வருஷத்தில் ஸ்பாஞ்சுக்கு அளவும் வரம்பும் விதித்துச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. வெறும் ஸ்பாஞ்சு மட்டை தடை செய்யப்பட்டது. மேலே ரப்பரால் போர்த்திய ஸ்பாஞ்சு நிலைத்துவிட்டது.

பம்பாயில் ஸாட்டோவிடம் தோற்றவர்களில் அமெரிக்கரான மார்ட்டி ரீஸ்மனும் ஒருவர். ஸ்பாஞ்சை அவர் கடைசி வரையில் மன்னிக்கவேயில்லை. 1997-ல், பழைய ரக மட்டைகளுக்கென்றே நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில், தமது 67-வது வயதில் அவர் சாம்பியன் ஆனார். நாற்பத்தைந்து வருஷம்! இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கென்னவோ அந்த மனிதரிடம் ஒரு மரியாதைதான் உண்டாகிறது. அவருடைய மட்டை மாறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது எதிராளியின் மட்டை. அவர் இழந்தது ஒரு சத்தத்தை. அந்தச் சத்தத்தின்மேல் தம்முடைய தைரியம் எவ்வளவு சாய்ந்து நின்றதென்பது, அது நின்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேஜைப் பந்துக்காரர்களுக்கு இந்தச் சோதனை ஒரு தடவையோடு தீரவில்லை. 2000-ம் வருஷம் அக்டோபரில் பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று. பந்து பெரிதானதால் வேகமும் சுழற்சியும் சற்றுக் குறைந்தன. மறு வருஷம் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகச் சுருங்கியது. அந்நாட்களில் பந்தயத்துக்குச் சற்று முன்பு ஒருவகைப் பசையைத் தடவி ரப்பரை ஒட்டுவது வழக்கம். பசையிலுள்ள ஆவி ஸ்பாஞ்சுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும்; அடித்தால் கணீரென்று ஒரு சத்தம் கேட்கும்; பந்து பறக்கும். ஆவி தேகாரோக்கியத்துக்குக் கெடுதல் என்று 2008 செப்டம்பரில் அதைத் தடுத்துவிட்டார்கள். கணீரென்ற சத்தமும் அத்துடன் போயிற்று. பிறகு 2014 ஜூலையில் ஸெலுலாயிடுப் பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து வந்தது.

(ஸெலுலாயிடு செய்வதில் கர்ப்பூரம் சேருகிறது. உடைந்த பந்தை முகர்ந்தால் இலேசாகக் கோயில் வாசனை வரும். பையன்கள் அதைக் கொளுத்தி வேடிக்கை பார்ப்பார்கள், நாங்கள் அதட்டுவோம். பிளாஸ்டிக் பந்து வந்தபின் அதட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது.)

இத்தனை மாறுதல்களையும் கடந்து வந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த சரத் கமல். 1982-ல் பிறந்தவர், 38 மில்லிமீட்டர் பந்தில் ஆட்டம் பழகியவர். 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கப் பதக்கம் பெற்றார். பதினாறு வருஷம் கழித்து, 2022-ல், நாற்பது வயதில், பர்மிங்ஹாமில் அதே ஒற்றையர் தங்கத்தை மறுபடியும் வென்றார். முதல் பதக்கம் வாங்கிய காலத்துப் பந்தும் பசையும் இரண்டாவது பதக்கத்தின்போது உலகத்திலேயே வழக்கில் இல்லை. தேசிய சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை பெற்றார். 2025 மார்ச்சில் சென்னையிலேயே கடைசிப் பந்தயத்தை ஆடி ஓய்வு பெற்றார். பத்திரிகைகள் பதக்கங்களைத்தான் எண்ணின, எண்ணட்டும். ஒவ்வொரு மாறுதலுக்குப் பிறகும் கையை முதலிலிருந்து பழக்கி, தெரிந்ததை மறக்கச் செய்து, மறுபடி தெரியவைத்த அந்த மாதங்களை எண்ணுவதற்கு யாரிடமும் கணக்குப் புத்தகம் இல்லை.

சட்டம் மாற்றினால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மாறுகிறது; அதில் ஓர் ஆறுதல் உண்டு. தானாகப் போய் மாற்றிக்கொள்கிறவனுடைய கதை வேறு. கோல்ப் ஆட்டத்தில் இதற்குப் பெயர் பெற்ற சம்பவம் ஒன்று நடந்தது. அந்த ஆட்டத்தில் ஒருவர் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. வட அயர்லாந்துக்காரரான ரோரி மக்கில்ராய் உலகத்தின் முதல் ஆட்டக்காரராக இருந்தபோது, 2013 ஜனவரியில், ஒரு பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்துக்காகத் தம் கோல்களை மாற்றிக்கொண்டார். புதிய கோல்களுடன் அபுதாபியில் ஆடிய முதல் போட்டியில் இரண்டு நாளும் 75 அடி எண்ணிக்கை வந்து, பாதியிலேயே வெளியேற நேர்ந்தது. இரண்டாவது நாள் அவர் செய்த காரியந்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். பந்தைக் குழியில் தட்டி விழச் செய்யும் கோலை மட்டும் பழையதாகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்! கோடிக் கணக்கில் பணம் வாங்கியவர், உலகத்தின் முதல்வர், ஆயினும் அந்தக் கடைசி நான்கடி தூரத்துக்குப் பழைய துணை வேண்டியிருந்தது. அந்த வருஷத்தின் பெரும்பகுதியும் அவர் திண்டாடினார். மறு வருஷம், அதே புதுக் கம்பெனிக் கோல்களைக் கொண்டே, பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தையும் பி.ஜி.ஏ. பந்தயத்தையும் அடுத்தடுத்து வென்றார். அப்படியானால் 2013-ல் கெட்டுப் போயிருந்தது கோலா, கையா? கோல் கெட்டதென்றால் 2014-ல் எப்படி வென்றார்? கை கெட்டதென்றால் 2012-ல் வென்ற கை எங்கே போயிற்று?

சதுரங்கக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாயிருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை எங்கள் ஜில்லாவிலே, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், உலக சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. குதிரை வழுக்கிற்று, யானையின் எடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே ஒருவரும் புகார் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கேள்விக்கு விடை, நான் யோசித்த வரையில், நாகஸ்வரத்தில் இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களின் காலம் வரையில், அந்த வாத்தியத்தில் சுத்த மத்யமம் சரியான இடத்தில் பேசாது. வித்வான்கள் மூச்சாலும் உதட்டாலும் அதைத் திருத்தி வாசித்தார்கள். 1955-ல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, பிள்ளையவர்களின் விருப்பத்தின்பேரில், அந்த ஸ்வரம் சுத்தமாகப் பேசும்படியான நீண்ட நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். மகத்தான காரியம். ஆனால் ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். நாற்பது வருஷமாக ஒரு குறையைத் திருத்தியே பழகிய உதடு, குறையில்லாத வாத்தியம் கிடைத்ததும் சும்மா இருக்குமா? பழைய திருத்தத்தைப் புதிய வாத்தியத்திலும் செய்யும். அங்கே திருத்தமே பிழையாகப் போகும். கைத் தேர்ச்சி என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பகுதி, கருவியின் கோணலை நம்மை அறியாமலே நேர் செய்துகொள்ளும் தேர்ச்சிதான். கோணலைத் திடீரென்று எடுத்துவிட்டால் நேர் செய்கிற கை கோணிக்கொள்கிறது.

இதையெல்லாம் புத்தக ஞானமாக வைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பெண் அதைக் கண்முன்னே காட்டினாள்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் படிப்பவள். தாயார் ஊர்த் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் சமையற்கட்டில் வேலை செய்கிறார். தகப்பனார் மாமல்லபுரத்தில் கற்சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கிறவர். சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிவிடுவார். செங்கற்பட்டுக் கடையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய மட்டையால் ஆடியே அந்தப் பெண் குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். அடுத்தது மாவட்டப் போட்டி. அதிலே நன்றாக ஆடினால், கல்லூரிகளில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் ஒன்றுக்கு வழி பிறக்கலாம் என்று தாயாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாள் இருபது மாதச் சீட்டு ஒன்று கட்டி வந்தார். ஏழாவது மாதமே அதைத் தள்ளி எடுத்து, பட்டணத்துக்குப் போய், பதினோராயிரம் ரூபாயில் ஒரு மட்டை வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் உள்ளதிலே அதிக வேகமானதாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தார். இரண்டு பக்கமும் மிகத் தடித்த ஸ்பாஞ்சு. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்.

அன்றிலிருந்து அவள் தோற்க ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்புப் பையன் போட்ட ஸர்வீஸெல்லாம் வலையிலும் சுவரிலும் போய் விழுந்தன. ‘ஒரு வாரம் போகட்டும்’ என்றேன். இரண்டு வாரம் போயிற்று. நான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் அடி தவறினால் அவள் குனிந்து தன் காலைப் பார்ப்பாள். நின்ற இடம் சரிதானா என்று பார்க்கும் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததன்று. இப்போது மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பு நன்றாக அடித்துக்கொண்டிருந்த அடிகளையும் தயங்கித் தயங்கி அடித்தாள். தயங்கிய அடி தவறத்தானே செய்யும்? அதற்கும் மட்டையைப் பார்த்தாள்.

“பழைய மட்டையைக் கொண்டு வாயேன், அம்மா” என்றேன் ஒரு நாள்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா இன்னும் பதின்மூன்று மாசம் சீட்டுக் கட்டணும், ஸார்” என்றாள்.

அதற்குமேல் நான் என்ன சொல்வது? ஒவ்வொரு மாலையும் அவள் எதிரே மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றது யார் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி சொன்னாள்: “தப்பு என் கையா, மட்டையா என்று தெரிந்தால் போதும், ஸார். தெரியாமல்தான் ஆட முடியவில்லை.”

கேஸில் இரண்டு பேர் சந்தேகத்துக்கு ஆளாகி, இருவரில் யார் குற்றவாளி என்று தெரியாவிட்டால் நீதிபதி என்ன செய்வார்? இருவரையும் விட்டுவிடுவார். ஆட்டத்திலும் அப்படியே. தன் மட்டையைத் தெரிந்தவனுக்குத் தவறு ஒரு பாடம். தெரியாதவனுக்கு அது வெறும் தவறு, திருத்துவதற்கு ஒன்றுமில்லை. நம்பிக்கை, நம்பிக்கை என்று எல்லோரும் பேசுகிறோமே, அதிலே பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஜெயிப்போம் என்ற நினைப்பல்ல. தோற்றால் எதனால் தோற்றோம் என்று தெரியும் என்ற தெம்பு.

மறு நாள் அவளுக்குத் தெரியாமல் அவள் தம்பியிடம் சொல்லிப் பழைய மட்டையை வரவழைத்தேன். பௌதிகம் கற்பிக்கிறவனுக்குத் தெரிந்த வைத்தியம் பரிசோதனை ஒன்றுதான். ஒரே பையனை ஒரே மாதிரி ஸர்வீஸ் போடச் சொன்னேன். இரண்டு மட்டையாலும் மாறி மாறித் திருப்பச் செய்து, கரும்பலகையில் கோடு போட்டு வந்தேன். பிறகு ஓங்கி அடிக்கும் அடிகளுக்கும் அப்படியே. முடிவில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முன்கை அடி புதிய மட்டையில் பழையதைவிட நன்றாகவே விழுந்தது. ஸர்வீஸைத் திருப்புவதில், அதுவும் மட்டையின் பின்புறத்தால் திருப்புவதில் மட்டுமே மோசம். அவள் கரும்பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ்வளவுதானா, ஸார்?” என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் அதை வீட்டில் சொல்ல வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். தகப்பனார் இருந்தார். மட்டையைக் கையில் வாங்கி, முதலில் பிடியைப் பார்த்தார்; பிறகு காதருகே வைத்துக்கொண்டு சுண்டுவிரலால் பலகையின் விளிம்பைத் தட்டினார். சிற்பிகள் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பவர்கள். கை தானாக அப்படிப் போயிற்று போலும்.

“மரம் நல்ல மரம், ஸார்” என்றார். பின் ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கள் பட்டறையில் புது உளி வந்தால் அதை ஸ்வாமி முகத்தில் வைக்க மாட்டோம். பீடத்திலே கொத்திப் பழகுவோம். கை ஒத்துக்கொண்ட பிற்பாடுதான் மேலே ஏறும்” என்றார்.

“மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரந்தான் இருக்கிறது” என்றேன்.

“உளி முனை சரியில்லை என்றால் உளியையே எறிகிறோமா? கொல்லனிடம் கொடுத்து முனையை மட்டும் அடித்து வாங்குகிறோம். இதில் அந்த மாதிரி முடியாதா?”

முடியும். ரப்பர் கழற்றி மாற்றத்தக்கது. நான் சொல்லப் போனதும் அதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்திருந்தால், அது ஓர் உபாத்தியாயர் பதினோராயிரம் ரூபாய் மட்டையில் கண்ட குற்றமாயிருந்திருக்கும். அவர் சொன்னபோது உளிக்கு முனை அடிப்பதாக ஆகிவிட்டது. அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும்?” என்று மாத்திரம் கேட்டார். ஆயிரத்து இருநூறு ஆயிற்று. முன்புறம் அப்படியே இருந்தது. பின்புறத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்பாஞ்சும் சாதுவான ரப்பரும் ஏறின.

இரண்டு மட்டைகளையும் மாற்றி மாற்றி ஆடக் கூடாது என்று சொல்லி, பழையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கொடுத்த விதத்தைப் பார்த்தால், நாய்க்குட்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வருவது போலிருந்தது.

மாவட்டப் போட்டியில் அரை இறுதி வரையில் வந்தாள். மேஜைப் பந்தில் அழகான விதி ஒன்று உண்டு. பந்தயம் தொடங்குமுன் எதிராளிக்கு மட்டையைக் காட்டி, ஆராய்ந்து பார்க்கவும் விடவேண்டும். எதிராளிப் பெண் இவள் மட்டையை வாங்கி, முன்புறத்தைத் தடவினாள். திருப்பிப் பின்புறத்தைத் தடவினாள். ஒரு கணம் யோசித்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஐந்து ஆட்டம் நடந்தது. ஐந்தாவதை 11-க்கு 9 என்ற கணக்கில் எங்கள் பெண் இழந்தாள். கடைசிப் பந்து வலையின் மேல்நூலில் பட்டு இவள் பக்கமே விழுந்தது. அவள் மட்டையைப் பார்க்கவில்லை. குனிந்து இடது காலைப் பார்த்து, அதை அரை அடி முன்னால் நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் கை குலுக்கப் போனாள்.

கழற்றிய தடித்த ரப்பர் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, தூசி படாமல் இருக்கிறது. மேலே ஒட்டிய சீட்டில் ‘ஜூன் மாதம்’ என்று அவள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.